மேலே பெயிண்ட், உள்ளே தார்: கோத்தகிரி மோரிஸ் மைனரின் மட்கார்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பெயிண்ட் அடித்து இரண்டு மழைக்காலம்தான் கடந்திருந்தது. இடதுபக்க முன் மட்கார்டில், ஹெட்லைட்டுக்கு மேலே, மிளகு அளவில் குமிழிகள் எழும்பிவிட்டன. நகத்தால் அழுத்தினால் பெயிண்ட் உடைந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தது. அந்த இடத்தில் வெளிப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆக, தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை, உள்ளிருந்து வந்திருக்கிறது. முன்பக்கத்து இரண்டு மட்கார்டுகளையும் கழற்றி, அடிப்பக்கத்தை வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தமாக்கி, பூச்சு ஏற்றி, அதன் பிறகே மேல் பெயிண்ட்டுக்கு அனுப்பிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவையில் பம்பு வார்ப்புகளுக்குப் பூச்சு ஏற்றும் வேலையில் இருந்தவன் நான். இந்த வண்டியில் எந்தப் பூச்சு, எந்த வரிசை, எந்த நாள் என்று பார்த்துக்கொண்டது மட்டும்தான் என் பங்கு. தகர வேலை முழுவதும் கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர் மேஸ்திரியுடையது. காரமடைப் பக்கத்துக்காரர், கை சுத்தமானவர், பிடிவாதக்காரர். பிடிவாதம் இந்தக் கதையில் இரண்டு இடத்தில் வரும்.

வண்டி

1955 மாடல் மோரிஸ் மைனர், இரண்டாம் வரிசை. 803 சிசி எஞ்சின், நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த வண்டி இது. அவரே பின்னால் மினியையும் வரைந்தார். இந்த வண்டியை வைத்திருக்கும் பெரியவரின் அப்பா தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் இருந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியதாம். அன்று முதல் எஸ்டேட் மண் ரோட்டிலும் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலும் ஓடிய வண்டி. இப்போது கல்யாணத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை கொடநாடு வரை ஒரு சுற்றுக்கும் மட்டும்.

மைனரில் தனியாகச் சட்டகம் கிடையாது, பாடியே சட்டகம். ஆனால் நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில் நிற்பவை. மட்கார்டுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு பீடிங், அதாவது இடைவெளியை மூடும் மெல்லிய பட்டை, ஓடும். இந்த வேலைக்கு இது பெரிய வரம். அம்பாசடரிலும் முன் மட்கார்டை இப்படிக் கழற்றலாம். வெல்டிங்கில் பிடித்த மட்கார்டு உள்ள வண்டியில் இதே வேலையை மல்லாந்து படுத்துக்கொண்டு செய்யவேண்டும், பாதி இடத்துக்குக் கை எட்டாது. கழற்ற முடியும் என்கிறபோது கழற்றாமல் அடிப்பக்கம் பூசுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. போல்ட் வரிசையும் பீடிங் உட்காரும் விளிம்பும்தான் முதலில் அரிக்கும் இடங்கள். மாட்டிய நிலையில் அந்த இரண்டையும் பார்க்கவே முடியாது.

கழற்றியபோது கண்டது

போல்ட்டுகள் லேசில் வரவில்லை. ஆயில் ஊற்றி ஊறவைத்தும் சில போல்ட்டுகள் முறிந்தன. மேஸ்திரி கேஸ் டார்ச்சை எடுத்தார். அடியில் தார் இருக்கிறது, தீ பிடிக்கும் என்று தடுத்தேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்களா? ஈரச் சாக்கு பக்கத்துல வச்சிருக்கேன்" என்றார். வைத்துத்தான் இருந்தார். ஆனாலும் அந்தப் புகையில் நிற்க முடியவில்லை. மீதியைச் சின்ன கிரைண்டரால் அறுத்தெடுத்தோம்.

மட்கார்டைக் கவிழ்த்துப் போட்டபோது முதல் பார்வைக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. கறுப்பாக, தடிப்பாக, பளபளவென்று தார்ப்பூச்சு. முன்பு பெயிண்ட் அடித்த பட்டறையில் 'அடிப்பக்கம் ஃபுல் கோட்டிங்' என்று பில்லில் எழுதியிருந்தது இதைத்தான். உளியின் நுனியை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குத் தார் ஒரே தகடாகப் பெயர்ந்து வந்தது. அதன் உட்புறத்தில் ஈரத் துரு அச்சுப் போல ஒட்டியிருந்தது. துருவின் மேலேயே, சேறு முழுக்கப் போகாமலேயே, தாரை அடித்திருக்கிறார்கள். சில இடங்களில் தாருக்கு அடியில் காய்ந்த சில்வர் ஓக் இலையின் நரம்புகூடத் தெரிந்தது.

ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால் நிலைமை இன்னும் மோசம். மட்கார்டின் மேல் வளைவுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு குறுகிய பள்ளம் உண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக அங்கே போய் உட்காரும், கீழே விழ வழியில்லை. செம்மண், சில்வர் ஓக் இலை, கற்பூர மர இலை எல்லாம் சேர்ந்து கெட்டியாகி, கையில் எடுத்தால் ஈரமாக இருந்தது. கடைசி மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியும் அந்த ஈரம் போகவில்லை. குமிழி வந்த இடம் சரியாக அதற்கு நேர் மேலே. அங்கே தகடு இல்லவே இல்லை. ஓட்டையை உள்ளிருந்து ஃபைபர் துணியால் மூடி, மேலே பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பட்டியில் நுண்ணிய துளைகள் நிறைய. பின்னால் ஈரம் நின்றால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அந்த ஈரம் ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரத்தான் செய்யும்.

மூன்றாவது இடம் கதவுக்கு முன்னால் மட்கார்டு முடியும் கீழ் மூலை. தண்ணீர் வடிய அங்கே ஓர் இடைவெளி இருக்கவேண்டும். தார் அதை அடைத்திருந்தது. வலதுபக்கத்திலும் இதே மூன்று இடங்கள்தான், ஆனால் அரிப்பு பாதி அளவுக்குத்தான். காரணம் எளிது. நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம், இடது சக்கரங்கள்தான் ரோட்டோரச் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இறங்குகின்றன. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இடது முன் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பது நல்லது.

ஏன் இவ்வளவு அரிப்பு

கடற்கரை உப்புக்காற்று இங்கே இல்லை. குளிர்நாடுகளில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பு போடுவார்கள், அதுவும் இங்கே கிடையாது. பிறகு எப்படி? முதல் காரணம் ஈரம் நிற்கும் நேரம். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் உருவாகிவிடும், அரிப்புக்கு அதுவே போதும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதற்கு முன்னும் பின்னும் மூடுபனி. மழை பெய்யாத நாளிலும் வண்டி நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது காரணத்தைப் பெரியவர்தான் போகிற போக்கில் சொன்னார். "அப்பா காலத்துல உர மூட்டை கொட்டி வைக்கிற ஸ்டோர் வாசல்லதான் வண்டி நிக்கும்." தேயிலைக்குப் போடும் உரத்தில் யூரியாவோடு பொட்டாஷும் உண்டு. பொட்டாஷ் என்று சாக்கில் வருவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போல அதுவும் ஒரு குளோரைடு உப்பு, இரும்பை அரிப்பதில் சளைத்ததல்ல. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. ஹெட்லைட் பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணைக் கொஞ்சம் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். அதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும், பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கரைசல் பால்போலத் திரிந்தது. பட்டறைக்கு வெளியே ரோட்டோர மண்ணில் அதே சோதனையைச் செய்தால் லேசான மங்கல் மட்டும். அந்தக் குளோரைடு உர மூட்டையிலிருந்துதான் வந்தது என்று இந்தச் சோதனை நிரூபிக்காது. ஆனால் மண்ணில் உப்பு இருக்கிறது என்பது உறுதியானது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அது போதும். உப்பு இருக்கும் துருவைத் தேய்த்து மட்டும் போக்க முடியாது, கழுவியாகவேண்டும்.

மூன்றாவது காரணம் அந்தத் தார்தான். சுத்தமான இரும்பின் மேல் புதிதாக அடித்த தார் தண்ணீரைத் தடுக்கும், அதை மறுக்கவில்லை. வருடங்கள் போகப் போக இறுகி, குளிரில் நொறுங்கும் தன்மை வந்து, கல் பட்ட இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. தார் இல்லாத வெறும் தகடாக இருந்தால் வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். தாருக்கு அடியில் மாதக்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்தது.

முதல் விவாதம்

மேஸ்திரியின் யோசனை இது: ஓட்டையை அடைத்து, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சு ஒரு கோட், அதன் மேல் புதுத் தார், பிறகு மேலே பெயிண்ட். "தார் அடிச்சுட்டா நாலு வருசத்துக்குக் கவலையில்லைங்க, முப்பது வருசமா இதைத்தானே செய்யறோம்." பெரியவருக்கும் அது பிடித்திருந்தது, செலவு குறைவு.

என் மறுப்பில் முதலாவது, வரிசை பற்றியது. மேல் பெயிண்ட்டுக்கு முன்னால் தார் அடித்தால், தின்னர் கலந்த பெயிண்ட் தாரைக் கரைத்து இழுக்கும். விளிம்பில் பழுப்புக் கறை ஏறும், அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் கறை கசிந்து வரும். தாரின் மேல் பெயிண்ட் பிடிக்கவும் பிடிக்காது. தார் அல்லது மெழுகு வகை எதுவானாலும் அதன் இடம் பெயிண்ட்டுக்குப் பின்னால்தான். பெயிண்ட்டுக்கு முன்னால் அடிப்பக்கத்தில் போடவேண்டியது, பெயிண்ட் ஏற்றுக்கொள்ளும் பூச்சு. அடுத்தது ரெட் ஆக்சைடு. கடையில் டப்பாவில் கிடைக்கும் சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை ஊடுருவ விடும். மேலே நல்ல பூச்சு இருந்தால் சமாளிக்கும், சக்கரத்துக்கு மேல் தனியாக நிற்காது.

கடைசியில் முடிவான அடுக்கு: வெறும் இரும்பின் மேல் டூ பேக் எபாக்சி பிரைமர் (பூச்சையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு), இணைப்புகளின் இடுக்கை அடைக்கப் பாலியூரித்தேன் சீலன்ட், சக்கரம் கல் வாரியடிக்கும் பகுதியில் மட்டும் பெயிண்ட் ஏற்கும் ரப்பர் வகைக் கல்தடுப்புப் பூச்சு, அதன் மேல் வண்டியின் நிறம், எல்லாம் முடிந்து மாட்டியபின் மெழுகு. துத்தநாகப் பிரைமரும் பேச்சில் வந்தது. நல்ல பொருள்தான், ஆனால் எபாக்சியோடு ஒப்பிட்டால் எங்கள் சின்ன வேலைக்கு அதில் கூடுதல் லாபம் தெரியவில்லை.

அடிப்பக்கம் ஏன் முதலில் என்பதற்கு இரசாயனம் தவிர வேறு காரணங்களும் உண்டு. உள்ளே கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் சூடு மறுபக்கம் தெரியும், வெல்டிங் வைத்தால் மேல் பெயிண்ட் கருகும். கவிழ்த்துப் போட்டு வேலை செய்யும்போது மேல்பக்கம் உரசாமல் இருக்கவே இருக்காது. முக்கியமானது விளிம்பு. அடிப்பக்க எபாக்சியை மடிப்பைச் சுற்றி ஓர் அங்குலம் வெளிப்பக்கம் கொண்டுவந்து, பிறகு வெளிப்பக்கப் பூச்சு அதன் மேல் ஏறினால், விளிம்பில் இணைப்புக் கோடே இருக்காது. வரிசையை மாற்றினால் இது கிடைக்காது.

தார் நீக்கம், தகர வேலை

தார் எடுப்பதில் ஒரு சின்ன ஆச்சரியம். ஹீட் கன் வைத்து இளக்கிச் சுரண்டினால் எங்கும் அப்பிக்கொண்டு, சுரண்டும் தகட்டை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. ஜனவரி விடியற்காலையில் மட்கார்டுகளை வெளியே பனியில் போட்டுவிட்டு, வெயில் வருவதற்கு முன்னால் மர சுத்தியலால் தட்டினால் தார் கண்ணாடி போல உடைந்து விழுந்தது. மேஸ்திரியின் பையன் கண்டுபிடித்த வழி. மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கடைசியாகத் தின்னர்.

தாருக்கு அடியில் கம்பெனி காலத்துப் பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. 1950களின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது. தண்ணீர் விட்டு, முகமூடி போட்டுத் தேய்த்து, கழிவைக் காகிதத்தில் கட்டி எடுத்தோம். டீ குடிக்கப் போவதற்கு முன் கை கழுவுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தபின், 20 கேஜ் சி.ஆர்.சி (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகட்டில், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டரில், துண்டு அடித்துப் பொருத்தினார் மேஸ்திரி. இங்கே அவருடைய பிடிவாதம் வண்டிக்கு நன்மை செய்தது. பழைய தகட்டின் மேல் புதுத் துண்டை ஏற்றி வெல்டிங் வைப்பது சுலபம். அவர் அப்படிச் செய்ய மறுத்தார். "ஒண்ணு மேல ஒண்ணு வச்சா நடுவுல தண்ணி குடியிருக்கும்" என்று விளிம்போடு விளிம்பு முட்டவைத்து, சி.ஓ.டூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். ஹெட்லைட் வளைவில் அந்தத் துண்டைச் சுத்தியலால் வளைத்தெடுத்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காசு கொடுத்துப் பார்க்கலாம் போலிருந்தது. இங்கிலாந்தில் மைனருக்குப் புது மட்கார்டு இன்றும் விற்கிறார்கள். ஆனால் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்தால் இந்தக் கைவேலை எவ்வளவோ மலிவு.

வெல்டிங் முடிந்ததும் இரண்டு மட்கார்டுகளையும் வண்டியில் மாட்டி, கதவு இடைவெளி, பானெட் இடைவெளி எல்லாம் சரிபார்த்தபின் மறுபடி கழற்றினோம். பூச்சு ஏற்றிய பிறகு இடைவெளி சரியில்லை என்று சுத்தியல் எடுத்தால் எல்லாம் வீண்.

கழுவுதல் பற்றிச் சொன்னேன் அல்லவா. வெந்நீரும் நைலான் பிரஷ்ஷும் வைத்து, குழி விழுந்த இடங்களைத் திரும்பத் திரும்பக் கழுவினோம். கடைசிக் கழுவலைப் பேட்டரித் தண்ணீரில் செய்து, அந்தத் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டால் மங்கல் வரவில்லை என்றானதும் நிறுத்தினோம்.

மலையிலா, கீழேயா

இந்த வேலையின் கஷ்டமான முடிவு இதுதான். பூச்சு எவ்வளவு நல்லது என்பதைவிட அது எந்தக் காற்றில் ஏறுகிறது என்பது முக்கியம். கோத்தகிரிப் பட்டறையில் ஒரு தகட்டுத் துண்டில் எபாக்சியைச் சாயங்காலம் அடித்து மாதிரி பார்த்தேன். மறுநாள் காலை தொட்டால் மெழுகு தடவியது போன்ற பிசுக்கு, அங்கங்கே வெள்ளை நீர்த்தடம். ஹார்ட்னரில் உள்ள அமீன் குளிரில் மெதுவாக வேலை செய்யும். அதற்குள் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேலே இந்தப் பிசுக்கை உண்டாக்கிவிடும். அதைக் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் அது உரிந்து வரும்.

பூச்சு வேலையில் ஒரு பழைய விதி உண்டு. இரும்பின் வெப்பநிலை, பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்கவேண்டும். பனிப்புள்ளி என்பது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 13 டிகிரிக்குச் சற்று மேல். இரும்பும் 15 டிகிரியில்தான் இருக்கும், 2 டிகிரிகூட இடைவெளி இல்லை. கீழே கோவையில் 33 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 21 டிகிரி, இடைவெளி 12. கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மலையில் அடிக்கவேண்டும் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

துரு முழுக்கப் போக மணல்வீச்சுக்கு, அதாவது காற்றழுத்தத்தில் துகளை வீசித் துருவை எடுக்கும் வேலைக்கு, எப்படியும் கோவைக்கு அனுப்பவேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் வைத்தால் குழிக்குள் இருக்கும் துரு மெருகேறிப் பளபளக்கும், போகாது. ஆனால் மணல்வீச்சு முடிந்த வெறும் இரும்பை மலையேற்றிக் கொண்டுவந்தால், மேலே மூடுபனியில் நுழைந்ததுமே மஞ்சள் பூத்துவிடும். அதனால் மணல்வீச்சும் முதல் இரண்டு கோட் எபாக்சியும் கோவையிலேயே, ஒரே பகலில், சில மணி நேர இடைவெளிக்குள் முடிந்தன. அந்தப் பட்டறையில் ஆற்றுமணல் வேண்டாம், நுண்ணிய கார்னெட் கல்துகள் போதும் என்று முன்கூட்டியே பேசிவைத்தேன். ஆற்றுமணல் தூசி வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். அழுத்தத்தைக் குறைத்து, குழாயைச் சாய்த்துப் பிடிக்கவும் சொன்னேன். 0.9 மில்லிமீட்டர் தகட்டில் நேராக அடித்தால் தகடு அப்பளம்போலப் பொம்மிவிடும். அடிப்பக்கமும் விளிம்பும் மட்டும்தான் மணல்வீச்சு. மேல்பக்கத்தைப் பெயிண்ட் ரிமூவரால் எடுத்தோம்.

மேலே செய்த மீதி

போர்வையில் சுற்றி மேலே வந்த மட்கார்டுகள் சாம்பல் நிறத்தில், தொட்டால் காய்ந்து கெட்டியாக இருந்தன. எபாக்சியின் மேல் அடுத்த பூச்சு ஏற்றுவதற்கு டப்பாவின் தாளில் ஒரு கால வரம்பு போட்டிருப்பார்கள். அது தாண்டிவிட்டால் லேசாக எமரி தேய்த்துத்தான் ஏற்றவேண்டும். மூடுபனியால் எங்களுக்குத் தாண்டிவிட்டது. தேய்த்தோம், அவ்வளவுதான்.

சீலன்ட்டில் ஒரு எச்சரிக்கை. பட்டறைக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சிலிக்கான் ட்யூபைப் பிதுக்கினால் வினிகர் வாடை வரும். அது அசிட்டிக் அமிலம், இரும்பை அரிக்கும். போதாததற்கு சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி விலகும். அதனால்தான் பாலியூரித்தேன். அதையும் எல்லா இணைப்பிலும் அப்பவில்லை. சக்கரப் பக்கமாகத் தண்ணீர் நுழையும் மேல் இணைப்புகளை மூடினோம், கீழ் மூலை வடிகாலைத் திறந்தே விட்டோம். மேஸ்திரி அதையும் அடைக்கப் போனார். உள்ளே வரும் தண்ணீரை முழுக்கத் தடுக்க முடியாது, வந்தது வெளியே போக வழி வேண்டும் என்பதை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டவேண்டியதாயிற்று.

கல்தடுப்புப் பூச்சுக்குக் கோவைக்குத் திரும்பப் போகவில்லை. பிப்ரவரி வெயில், காலை பதினொன்றுக்கு மேல் இரண்டுக்குள். மட்கார்டின் மறுபக்கத்தில் ஹாலஜன் விளக்குகளை வைத்து இரும்பைச் சூடாக்கிக்கொண்டோம். மேஸ்திரி கரி போட்ட குமுட்டி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பல் பறக்கும், தின்னர் ஆவியில் தீ பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினேன். மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டரும் ஆகாது. அவை எரியும்போது நீராவியைத்தான் அறைக்குள் விடுகின்றன. ஒரே தடிப்பாக அடிக்காமல் மெல்லிய கோட்களாக, முந்தையது காய்ந்தபின் அடுத்தது.

போல்ட் உட்காரும் விளிம்பு, பீடிங் வரும் முகப்பு, விளக்கின் எர்த் வயர் பாடியைத் தொடும் இடம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி மறைத்தோம். அங்கே ரப்பர் பூச்சு ஏறினால் முடுக்கிய போல்ட் நாளடைவில் தளரும், கதவு இடைவெளி மாறும். பழைய வண்டிகளில் பெயிண்ட் அடித்த பிறகு ஹெட்லைட் மங்கிவிட்டது என்று டைனமோவைக் குறை சொல்வார்கள். பல நேரம் எர்த்தின் மேல் ஏறிய பூச்சுதான் காரணம்.

அதற்குப் பிறகு மேல் பெயிண்ட் வழக்கமான வேலை. மட்கார்டுகளைத் தனியாகவே தொங்கவிட்டு, அடிப்பக்கமும் சேர்த்து நிறம் அடித்தார் பெயிண்டர். டூ பேக் பெயிண்ட்டின் ஹார்ட்னரில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. துணி கட்டிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லி, வெளிக்காற்று வரும் முகமூடியை வாடகைக்கு எடுத்தோம். காய்ந்து, மாட்டி, புது பீடிங் வைத்து, விளக்கு இணைத்தபின் ஹெட்லைட் பள்ளத்திலும் போல்ட் வரிசையிலும் மெழுகு தெளித்தோம். இறுகாமல் மெதுவாக ஊர்ந்து இடுக்கில் நுழையும் வகை, கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும்.

மழைக்குப் பின்

வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஹெட்லைட்டைக் கழற்றி, டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தோம். பள்ளத்தில் இலையும் மண்ணும் மறுபடி சேர்ந்திருந்தன. அது சேரத்தான் செய்யும், வடிவம் அப்படி. குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலே மெதுவாக விட்டதும் கரைந்து வந்தது. சர்வீஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீர் அடித்தால் சேறு இன்னும் மேலே ஏறி இறுகும், மெழுகும் போகும் என்பதால் பெரியவரிடம் வீட்டுக் குழாயே போதும் என்று சொல்லியிருந்தோம்.

இடது விளிம்பின் முன்பக்கம் ஓர் இடத்தில் கல்பட்டு ரப்பர் பூச்சு பெயர்ந்திருந்தது. அடியில் தெரிந்தது சாம்பல் எபாக்சி, இரும்பு இல்லை. அதைத் துடைத்துப் பிரஷ்ஷால் தொட்டுவிட்டோம். ஒரு போல்ட் தலையில் ஸ்பானர் வழுக்கி முலாம் போயிருந்ததால் துருத் தண்ணீர் கோடாக வழிந்திருந்தது. முதலில் பார்த்தவுடன் திக்கென்றது. துணியால் துடைத்ததும் பூச்சு அப்படியே இருந்தது. போல்ட்டை மாற்றி மெழுகு வைத்தாயிற்று. குமிழி எங்கும் இல்லை. ஒரு மழைக்காலத்தை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பழைய வேலையும் முதல் மழையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பூச்சுக்கு அடியில் சேறும் துருவும் இருந்தன, இன்று இல்லை.

பின் மட்கார்டுகளில் இன்னும் பழைய தார்தான். உளி கொடுத்துப் பார்த்ததில் முன்பக்கத்தைவிடத் தடிமன் அதிகம், இடது பின்பக்கத்தில் தட்டினால் மந்தமான சத்தம். பிப்ரவரியில் அதைக் கழற்றுவதாக இருக்கிறோம். டிக்கிக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருப்பதால், அதை முதலில் இறக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் போல்ட்டுகளில் கை வைப்பது, கேஸ் டார்ச் பக்கமே போவதில்லை என்று மேஸ்திரியோடு பேசி முடித்திருக்கிறோம். தார் உடைக்கும் வேலையை மட்டும் அதற்கு முன், ஜனவரிப் பனி இருக்கும்போதே, வண்டியைக் காலையில் வெளியே நிறுத்தித் தொடங்கலாம் என்கிறான் அவர் பையன்.